ஆற்காட்டிலிருந்து சேப்பாக்கம் வரை: பட்டணம் போனோர் வரலாறு

ஆரணியில் பட்டுத்தறி ஓசை கேட்கும் தெருக்களிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் பட்டணத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. பட்டணம் என்றால் சென்னை. 1996ஆம் ஆண்டில் மதராஸ் என்ற பெயர் அரசு ஏடுகளில் சென்னை என்று மாறிய பின்னரும் நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு அது பட்டணமே. அங்கே குடியேறுபவன் தீனையும் இழப்பான், குணத்தையும் இழப்பான் என்பது ஒரு கருத்து. அங்கே போகாதவன் எதையும் அடையமாட்டான் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் சொல்லக் கேட்டிருக்கின்றோம்: மகனுக்கு வேலை தேடும்போது ஒன்று, அந்த மகன் பெருநாளைக்கு ஊர் வராதபோது மற்றொன்று.

மேடைப் பேச்சுகளில் முதற் கருத்தே ஓங்கி ஒலிக்கிறது. கேட்போருக்கு அது இனிமையாகவும் இருக்கிறது. ஊரில் தங்கிவிட்டதையே ஒரு தக்வாவாக எண்ணிக் கொள்ளலாமல்லவா? ஆயினும் வட ஆற்காட்டு முஸ்லிம்களின் வரலாற்றை அறிந்தவர் இக்கருத்தை அப்படியே ஏற்பது கடினம். பட்டணம் நமக்கு அயலாரின் ஊர் அன்று. அதன் ஒரு பாதியை உருவாக்கியவர்கள் ஆற்காட்டுச் சாலையில் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் கால்நடையாகவும் வந்தவர்களே. அவர்கள் அங்கே பெற்றது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குர்ஆன் நகரத்தை ஒரே நிறத்தில் காட்டவில்லை. யாஸீன் அத்தியாயத்தில் தூதர்களைப் பின்பற்றுமாறு தம் சமூகத்தை அழைப்பவர் நகரின் கடைக்கோடியிலிருந்து விரைந்து வருகிறார். கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களுக்கு எதிராக நடக்கும் சதியை அறிவிப்பவரும் நகரின் கடைக்கோடியிலிருந்தே ஓடி வருகிறார். குகைத் தோழர்களோ கொடுமைக்கு அஞ்சி எந்த நகரத்தை விட்டு வெளியேறினார்களோ, அந்த நகரத்திற்கே ஒருவரை வெள்ளிக் காசுடன் அனுப்பித் தூய்மையான உணவு எங்கே கிடைக்கிறதென்று பார்த்து வாங்கி வரச் சொல்கிறார்கள். கொடுங்கோலனும் அங்கேதான் இருக்கிறான்; தூய உணவும் அங்கேதான் கிடைக்கிறது. முஃபஸ்ஸிர்கள் இக்காசைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கின்றனர். ஆனால் பட்டணத்திற்குப் பிள்ளைகளை அனுப்பும் எந்தத் தந்தைக்கும் விளக்கம் தேவைப்படாத இடம் இது.

நகரத்தைப் பற்றி முறையாகச் சிந்தித்த நம் முன்னோருள் முதலில் வைக்கத்தக்கவர் இப்னு கல்தூன் (1332-1406). அவருடைய முகத்திமாவின் நான்காம் பகுதி முழுவதும் நகரங்களைப் பற்றியதே. பெருநகரில் தானியம் போன்ற இன்றியமையாப் பொருள்கள் மலிவாகவும் ஆடம்பரப் பொருள்கள் விலையேறியும் இருக்கும் என்கிறார். மக்கள்தொகை குறைந்த இடத்தில் வாழ்ந்து பழகியவன் பெருநகரில் குடியேற முயன்றால் அங்குள்ள செலவைத் தாங்கமாட்டாமல் தவிப்பான் என்பதற்கு ஒரு தனித் தலைப்பே கொடுத்திருக்கிறார். சென்னையில் முதல் மாத வாடகையும் முன்பணமும் கொடுத்த ஆரணி இளைஞர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஃபாஸ் நகரத்துப் பிச்சைக்காரர்கள் சிற்றூர்ப் பிச்சைக்காரர்களைவிட வசதியானவர்கள், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டின் விலையையே கேட்டுப் பெறுகிறார்கள் என்று அவர் எழுதும்போது ஒரு புன்னகையும் தெரிகிறது. நகர வாழ்வின் முதிர்ச்சி ஆடம்பரத்திலும் ஒழுக்கச் சிதைவிலும் முடியும் என்றும் அவரே எச்சரிக்கிறார். நம் மேடைகளில் எடுத்துக் காட்டப்படுவது இந்த ஒரு பகுதி மட்டுமே. கலைகளும் கல்வியும் பெருநகரிலன்றிச் செழிக்கமாட்டா என்று அவர் சொன்ன பகுதியை யாரும் தொடுவதில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். முகத்திமாவின் முதல் வடிவத்தை அவர் 1377இல் எழுதியது மக்ரிபின் உள்நாட்டிலிருந்த இப்னு ஸலாமா கோட்டை என்னும் ஒதுக்கிடத்தில். கெய்ரோவை அவர் கண்ணால் கண்டது 1383இன் தொடக்கத்தில்தான். கண்டபோது மலைத்துப் போனார். பின்னர் இறக்கும் வரை அந்நகரையே இருப்பிடமாகக் கொண்டார். மாலிக்கி காழியாகவும் அமர்ந்தார். அவருடன் வந்து சேர வேண்டிய குடும்பத்தார் 1384இல் கப்பலோடு கடலில் மூழ்கினர். நகரத்தின் கேடுகளை எழுதியவரும் நகரத்தை விட்டுப் போகவில்லை.

நம் பட்டணத்திற்கு வருவோம். 1639இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டே தாமர்ல நாயக்கரிடம் கடற்கரை நிலத்தைப் பெற்றதற்கு முதற்காரணம் துணி. இவ்வட்டாரத்தில் பருத்தித் துணி மலிவாகவும் நேர்த்தியாகவும் கிடைத்தது. நல்ல துறைமுகம் என்று சொல்லிக் கொள்ள அங்கே ஏதுமில்லை. அலையோடு போராடி மசூலாப் படகில்தான் கரையேற வேண்டும். துணிக்காகப் பிறந்த ஊர் அது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது நெசவாளர்களையும் நூற்போரையும் குடியேற்றுவதற்காகவே. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம் என்பர். ஆகவே நெசவூரார் பட்டணத்தை அயலூர் என்று பேசுவது, ஆலமரத்தை விதை அயலாகப் பார்ப்பது போன்றது.

முஸ்லிம்களின் குடியேற்றத்திற்கு வேறொரு கதை உண்டு. ஸஆதத்துல்லாஹ் கான் (1710-1732) காலத்தில் ஆற்காடு கர்நாடகத்தின் தலைநகராகப் பொலிந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அப்பொலிவு குருதியில் நனைந்தது. 1740இல் தோஸ்த் அலீ கான் மராட்டியரோடு நடந்த போரில் மாண்டார். 1742இல் அவர் மகன் ஸஃப்தர் அலீ வேலூரில் கொலையுண்டார். 1744இல் ஸஃப்தர் அலீயின் இளம் மகனும் ஆற்காட்டிலேயே கொல்லப்பட்டான். பின்வந்த அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். அவர் மகன் முஹம்மது அலீ வாலாஜா திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார்.

1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக் கொண்டு, சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபின் முற்றுகையை ஐம்பது நாள் தாங்கினான். முற்றுகை தளர்ந்ததும் பின்தொடர்ந்து சென்று, அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் படையோடு கூடியிருந்த ரஸா சாஹிபை ஆரணிக்கு அருகே முறியடித்தான். நம் பள்ளிப் பாடநூல்களில் ஆற்காட்டு முற்றுகைக்கு ஒரு பத்தி இருக்கும். ஆரணிப் போருக்கு ஒரு வரி கூடக் கிடைப்பது அரிது. ஆனால் அன்று ஆரணி வெளியில் தோற்றது ரஸா சாஹிப் மட்டுமா? வென்றவராகக் கருதப்பட்ட முஹம்மது அலீயும் அன்றே பாதி தோற்றார் என்பது நம் கருத்து. அவருடைய அரியணையைத் தாங்கியது அதன் பிறகு கம்பெனியின் துப்பாக்கி. அத்துப்பாக்கிக்கான செலவு அவர் கணக்கில் எழுதப்பட்டது.

பாதுகாப்பு தேடிய நவாபு, பட்டணத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே தமக்கொரு மாளிகை கட்டிக் கொள்ள விரும்பினார். அது கைகூடவில்லை. பின்னர்க் கோட்டைக்குத் தெற்கே, கடலை நோக்கி, 1768இல் சேப்பாக்கம் மாளிகை எழுந்தது. பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இறைமையுள்ள ஓர் அரசர் குடியிருந்தார்! அரசவை இடம் பெயர்ந்ததும் திவான்கள், முன்ஷிகள், ஹகீம்கள், காழிகள், குதிரை வணிகர், சமையற்காரர், தையற்காரர் எனக் குடும்பம் குடும்பமாக ஆற்காட்டையும் வேலூரையும் விட்டுத் திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளில் குடியேறினர். இன்றும் அங்குள்ள தெருப் பெயர்கள் பலவற்றில் அவர்களின் வரலாறு உறங்குகிறது.

வந்தவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவர் மவ்லானா அப்துல் அலீ. பஹ்ருல் உலூம், கல்விக்கடல் என்னும் பெயரால் உலகறிந்தவர். இன்று நம் அரபுக் கல்லூரிகளில் பல மாற்றங்களுடன் நடைபெறும் தர்ஸே நிஸாமிய்யா பாடத்திட்டம் எவர் பெயரால் வழங்குகிறதோ, அந்த முல்லா நிஸாமுத்தீன் (மறைவு 1748) அவர்களின் மகனார். அக்குடும்பத்தின் கதையே ஒரு நகரக் கதை. முல்லா நிஸாமுத்தீனின் தந்தை குத்புத்தீன், லக்னோவுக்கு அப்பால் ஸிஹாலி என்னும் சிற்றூரில் கற்பித்து வந்தவர். நிலத் தகராறு ஒன்றில் கொல்லப்பட்டார். அநாதரவான அக்குடும்பத்திற்கு ஔரங்கஸீப் லக்னோவில் ஐரோப்பிய வணிகர் ஒருவர் இருந்து நீங்கிய மாளிகையை வழங்கினார். ஃபரங்கீ மஹல், அதாவது பரங்கியர் மாளிகை, என்று பெயர் பெற்ற அவ்வீடு இந்தியாவின் தலைசிறந்த கல்விக்கூடமாயிற்று. சிற்றூரில் தங்கியிருந்தால் அப்பாடத்திட்டம் பிறந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பஹ்ருல் உலூம் லக்னோவில் நிலைக்க முடியாமல் ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்து புஹார் என ஊர் ஊராகக் கற்பித்து, கடைசியில் வாலாஜா நவாபின் அழைப்பை ஏற்று மதராஸுக்கு வந்தார். நவாபின் முன்னோரும் அவத் நாட்டுக் கோபாமவ் என்னும் ஊரினர் என்பதால் இவ்வழைப்பில் ஊர்ப்பாசமும் கலந்திருக்கலாம். முஸல்லமுஸ் ஸுபூத் என்னும் உஸூல் நூலுக்கு ஃபவாதிஹுர் ரஹமூத் என்ற விரிவுரையும், மவ்லானா ரூமியின் மஸ்னவிக்கு ஓர் உரையும் எழுதிய பேரறிஞர், தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்து பாடம் நடத்தினார். 1810இல் இங்கேயே மறைந்தார். அவர் அடங்கியிருப்பது 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில்.

வேலூரில் பிறந்த பாகிர் ஆகாஹ் (1745-1806) அரபியிலும் பாரசீகத்திலும் தக்கனியிலும் நூல்கள் இயற்றியதும், குர்ஆனின் எழுத்து மரபைப் பற்றி நஸ்ருல் மர்ஜான் என்ற பெருநூலை முஹம்மது கவ்ஸ் ஷரஃபுல் முல்க் (மறைவு 1822) எழுதியதும், அவர் மகனார் காழி பத்ருத்தவ்லாவின் தீர்ப்புகள் மதிக்கப்பட்டதும் இந்தப் பட்டணத்துச் சூழலில்தான். வாலாஜா பள்ளியின் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் நவாபின் முன்ஷி ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்துப் பெருமகன். இப்பள்ளியில் ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கும் உணவைப் பரிமாறி வருபவர்கள் சூஃபிதார் அறக்கட்டளையைச் சார்ந்த சிந்தி மக்கள். பிரிவினையில் வீடிழந்து பட்டணம் வந்தவர்கள். இத்தகைய பழக்கங்கள் பெருநகருக்கே உரியவை என்று சொல்லமாட்டோம். ஆனால் அவை தொடங்குவதற்கு அந்நியர் பலர் ஓரிடத்தில் கூட வேண்டியிருக்கிறது.

இனி விலையைப் பேசுவோம். பட்டணத்தில் அரசவை நடத்துவதற்குக் கடன் வேண்டும். கடன் கொடுக்கக் கம்பெனி ஊழியர்களே வரிசையில் நின்றனர். அவர்களுள் பேர்பெற்றவன் பால் பென்ஃபீல்ட். இக்கடன்களின் முறைகேட்டை 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாகவே எடுத்துரைத்தார். கடனுக்கு ஈடாகச் சென்றது ஆற்காட்டு உழவரின் வரி. 1801 உடன்படிக்கையில் நாடு கம்பெனியின் கைக்குப் போயிற்று. பட்டமும் உதவித்தொகையும் எஞ்சின. 1823இல் நவாபு ஆஸம் ஜாஹ் மதராஸிலிருந்து நாகூர் வரை பெரும் பரிவாரத்துடன் பயணம் போனதை பஹாரே ஆஸம் ஜாஹி என்னும் பாரசீக நூல் பதிந்து வைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹுஸைன் நயினார் அதை ஆங்கிலத்தில் தந்துள்ளார். தம் கொள்ளுப் பாட்டனார் ஆண்ட நாட்டை ஒரு விருந்தாளியாகப் பார்த்து வருகிறார் பட்டணத்து நவாபு. அந்நூலின் விழாக்கோலத்தைப் படிக்கும்போது நமக்குத் துயரமே மேலிடுகிறது.

1855இல் குலாம் முஹம்மது கவ்ஸ் கான் மகப்பேறின்றி மறைந்தார். நவாபுப் பட்டம் நீக்கப்பட்டது. சேப்பாக்கம் மாளிகை சில ஆண்டுகளில் அரசு அலுவலகமாயிற்று. (2012 ஜனவரியில் தீப்பற்றிய அதன் கல்சா மஹால் பின்னர்ச் செப்பனிடப்பட்டது.) நவாபு மறைந்த மறு ஆண்டு, 1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அது சென்று நின்ற இடம் எது தெரியுமா? ஆற்காட்டுக்கு அருகே, இன்று வாலாஜா ரோடு எனப்படும் நிலையம். ஆற்காட்டுக்கு அரசர் இல்லை என்றான பின், ஆற்காட்டுக்கு இரயில் வந்தது.

ஏழைகள் போன வழி வேறு. 1780இல் ஹைதர் அலீ கர்நாடகத்தில் புகுந்து ஆற்காட்டைக் கைப்பற்றினார். 1782 ஜூனில் ஆரணிக்கு அருகே மீண்டும் ஒரு போர். இம்முறை ஹைதரும் ஜெனரல் அயர் கூட்டும். வயல்கள் அழிந்தன, பஞ்சம் பரவியது. உயிர் பிழைக்கப் பட்டணத்துக்கு ஓடியவர்களுக்காக அதே 1782இல் கஞ்சி ஊற்றும் சத்திரம் தொடங்கப்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். கஞ்சித்தொட்டி என்பது மக்கள் இட்ட பெயர். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே முதியோர் வழங்குவர். வட ஆற்காட்டார் பலருக்குப் பட்டணம் முதலில் ஒரு கைப்பிடிக் கஞ்சியாகத்தான் அறிமுகமானது என்பதை மேடையில் முழங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஈண்டு ஒரு சிறு திருத்தமும் செய்து கொள்வோம். தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்து, பட்டணத்தின் வடபகுதியில் தவமிருந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்ததால் அப்பகுதி தண்டையார்ப்பேட்டை ஆயிற்று என நம் ஏடுகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூரும் மொகலாயர் தரப்பிலிருந்து கம்பெனிக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. மஸ்தான் சாஹிப் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே அப்பெயர் இருந்தது. அந்த ஞானியின் பெருமைக்கு இந்த ஊர்ப்பெயர் தேவையுமில்லை. காட்டையும் மலையையும் நாடிய ஒரு துறவி கடைசியில் சந்தடி மிக்க பட்டணத்தின் ஓரத்தைத் தேர்ந்தார் என்பதே நம் ஆய்வுக்குரிய செய்தி.

ஆரணியின் பட்டுத் தொழிலை இப்னு கல்தூன் கண்டிருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார். ஆடம்பரக் கலைகள் பெருநகரில்தான் முழுமை பெறும் என்பது அவர் விதி. இங்கோ கோர்வையும் ஜரிகையும் சிற்றூர்த் தறியில் பிறக்கின்றன. பெருநகரம் அவற்றை விற்கிறது. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வர, சௌராஷ்டிரரும் பிறரும் இங்கே நெய்ய, சேலை தியாகராய நகர்க் கண்ணாடிப் பெட்டியில் போய் அமர்கிறது. அங்கே பலமுறை அதற்கு ஆரணி என்ற பெயரும் இருப்பதில்லை. நெய்தவரின் மகன் கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு, சேலை போன வழியிலேயே தானும் போகிறான்; திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்கோ பட்டணத்துத் துணிக்கடைக்கோ. அவனிடம் போய் நகரத்தின் தீமைகளை ஓதுவதில் நமக்கு உடன்பாடில்லை. (பாவு பட்டாகவும் ஊடை பருத்தியாகவும் இருந்தால் அத்துணி ஆணுக்கும் ஆகும் என்று ஹிதாயா கூறுகிறது, ஊடையால்தான் துணி துணியாகிறது என்பது அதன் காரணம். நெசவூரில் இம்மஸ்அலாவை விளக்குவது எளிது. மாணவர்கள் தறியையே பார்த்துப் புரிந்து கொள்கின்றனர்.)

நம் ஃபுகஹாக்கள் நகரத்தை வெறுப்பாலோ விருப்பாலோ அளக்கவில்லை. ஜும்ஆ கூடுவதற்கு ஹனஃபி மத்ஹபில் மிஸ்ர், அதாவது நகரம், நிபந்தனை. தீர்ப்புகளை நிறைவேற்றும் அமீரும் காழியும் உள்ள இடமே நகரம் என்பது ஒரு வரையறை. ஊரார் அனைவரும் கூடினால் பெரிய பள்ளிவாசல் கொள்ளாத இடமே நகரம் என்பது இன்னொன்று. ஷாஃபியீ மத்ஹபில் அவ்வூரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் போதும். நம் வட்டாரத்தில் ஹனஃபிகளும் கடற்கரை ஊர்களில் ஷாஃபியீகளும் மிகுதி; பட்டணத்தில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

எந்த ஊர் ஒருவனின் ஊர் என்ற கேள்விக்கும் ஃபிக்ஹில் கறாரான விடை உண்டு. பிறந்த ஊர், அல்லது குடும்பத்தோடு நிலைத்த ஊர், வதனே அஸ்லி. பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்தோடு இருக்கும் ஊர் வதனே இகாமத். இரண்டாவது, பயணம் புறப்பட்டாலே நீங்கிவிடும். முதலாவதை நீக்க இன்னொரு வதனே அஸ்லியால்தான் முடியும். இதற்குச் சான்றாக ஹிதாயா காட்டுவது ஹிஜ்ரத்துக்குப் பின் மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைப் பயணியாகக் கருதியதை. தாம் பிறந்த ஊரில், கஅபாவின் நிழலில், கஸ்ராகத் தொழுதார்கள்.

ஆரணிக்காரர் வேலூர் மதரஸாவுக்குப் போனால் முஸாஃபிர் ஆகமாட்டார்; தொலைவு போதாது. சென்னைக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நம் உலமாக்கள் கணக்கிடும் 48 மைல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே பட்டணத்தில் இரண்டு நாள் தங்கி விட்டுத் திரும்புபவர் அங்கே கஸ்ர் செய்வார். ஓர் அறையில் நால்வராகத் தங்கி, ஊரில் மனைவி மக்களை வைத்து விட்டு வேலை பார்ப்பவருக்குப் பட்டணம் வதனே இகாமத். ஊருக்குள் நுழைந்ததுமே அவர் முழுமையாகத் தொழ வேண்டியவர். ஆனால் குடும்பத்தோடு பெயர்ந்து, பெரம்பூரிலோ இராயப்பேட்டையிலோ நிலைத்து, ஆரணிக்கு இனிக் குடிவரும் எண்ணமே இல்லாதவர் எத்தனையோ பேர். ஆண்டுதோறும் பெருநாள் விடுமுறையில் இந்தக் கேள்வி நம்மிடம் வருகிறது. நான்கு நாள் வந்திருக்கிறேன், ஹஸ்ரத், இரண்டா நான்கா? நாம் திருப்பிக் கேட்பது ஒன்றே: பட்டணம் உங்கள் ஊரா? பெரும்பாலோர் உடனே விடை சொல்வதில்லை. அங்கே இருபது ஆண்டு வாழ்ந்தவரும், வீடு வாங்கியவரும், பிள்ளைக்குத் திருமணம் முடித்தவரும்கூடத் தயங்குகின்றனர். ஆரணியில் தகப்பனார் வீட்டில் ஒரு பங்கு இருக்கிறதே என்பார்கள். வீட்டில் பங்கு மட்டும் இருந்தால் அது வதனாக நிலைக்குமா என்பதில் நூல்களில் இரு கூற்றுகள் உள்ளன. சிலரின் நிலையை நன்கு விசாரித்த பின்னரே பதில் சொல்ல இயலும். அதுவரை ஜமாஅத்தோடு தொழுமாறு சொல்லி அனுப்புகிறோம். உள்ளூர் இமாமுக்குப் பின் நிற்பவர், முஸாஃபிராயினும், நான்கு ரக்அத்தும் தொழுதாக வேண்டும்.